பன்னிரண்டடி மனையில் நாலு மாடி

தென்காசியில் பலவேசம் கட்டிய வீட்டுக்கு ஏழு மாடி என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். குற்றாலத்துக்குச் சீசனில் வந்துபோன ஒருவர் ஒன்பது மாடி என்று எழுதியிருந்ததையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் தவறு. தரையில் ஓர் அறை, அதன்மேல் நாலு மாடி, மாடிக்கு ஒரே அறை, உச்சியில் தட்டட்டி என்கிற மொட்டைமாடி. அவ்வளவுதான். இந்த ஐந்து அறைகளையும் அடுத்தடுத்துக் கட்டியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டியதால் பலவேசத்துக்கு ஊரில் பெயர் வந்தது. வீட்டில் இருந்த மனைவி கோபித்துக்கொண்டு போனாள். அவளைத் திரும்ப அழைத்துவர அவர் செய்த காரியத்தைப் பற்றி ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பலவேசம் மீசை அரும்பும் வயதிலேயே கொழும்புக்குப் போனவர். துறைமுகத்துக்கு எதிரே ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் ஐந்து மாடிக் கட்டடத்தில் லிப்டு ஓட்டினார். கம்பி வாசலைச் சாத்த வேண்டும், கைப்பிடியைத் திருப்ப வேண்டும், கம்பி வாசலைத் திறக்க வேண்டும். பகல் முழுக்கப் பிரயாணம் செய்தும் எங்கேயும் போய்ச் சேராத உத்தியோகம். அந்த லிப்டைப் பழுதுபார்க்க வரும் மெக்கானிக்கிடம் அவர் ஒன்றைத் தெரிந்துகொண்டார். வண்டி மேலே ஏறும்போது அதே கயிற்றின் மறுமுனையில் ஓர் இரும்புப் பாளம் கீழே இறங்குகிறது. இரண்டு பக்கக் கனமும் சமமாக இருந்தால், யானையைக்கூடக் குழந்தை தூக்கிவிடும். இந்த ஓர் அறிவோடும் கொஞ்சம் சேமிப்போடும், வியாபாரம் படுத்துக் கம்பெனி ஆட்களைக் குறைத்த 1931இல் அவர் ஊர் திரும்பினார்.

வந்ததும் பாகப் பிரிவினை. குடியிருந்த வீட்டை அண்ணன் எடுத்துக்கொண்டார். பலவேசத்துக்கு மாசி வீதிக்குப் பின்னால் உள்ள சந்தில், வண்டி நிறுத்தும் கொட்டகை இருந்த இடம் கிடைத்தது. முகப்பு பன்னிரண்டடி. நீளம் முப்பதடி இருந்தாலும் பின்பாதியில் கிணறு. இதில் எப்படி வீடு கட்டுவது என்று அவர் கேட்டதற்கு, இடம் பற்றாவிட்டால் ஆகாயத்தில் கட்டிக்கொள் என்று அண்ணன் சொன்னாராம். அண்ணன் கேலியாகச் சொன்னார். பலவேசம் அதை யோசனையாக எடுத்துக்கொண்டார். உலகத்தில் உயரமான கட்டடங்கள் எல்லாமே, பக்கத்து மனைக்காரன் இடம் தராததால் எழுந்தவைதான் என்று அவர் பிற்காலத்தில் என்னிடம் சொன்னதுண்டு. அதை மறுத்துச் சொல்ல எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

கட்டட வேலை இரண்டரை வருடம் நடந்தது. செங்கோட்டை டிப்போவிலிருந்து தேக்கு உத்திரங்கள் வந்தன. சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்தார்கள். அத்தனை பாரத்தையும் தாங்க வேண்டியிருந்ததால் கீழ்ச்சுவரை இரண்டரை அடி கனத்துக்கு எழுப்பினார் கொத்தனார். மேலே போகப் போகச் சுவர் மெலிந்தது. சுவர் மெலிந்த அளவுக்கு அறை அகன்றது. ஆகவே தரையில் இருந்த அறையில் ஒருவர் காலை நீட்டிப் படுத்தால் இன்னொருவர் தாண்டித்தான் போகவேண்டும். நாலாவது மாடியிலோ நாலு பேர் தாராளமாகப் பந்தி உட்காரலாம். வீட்டிலேயே விசாலமான அறை, ஏறுவதற்கு மிகவும் கஷ்டமான இடத்தில் அமைந்தது.

கோவில் கோபுரத்தைவிட உயரமாக எவரும் வீடு கட்டக்கூடாது என்று ஊரில் ஓர் ஆட்சேபம் எழுந்தது. அப்போது எங்கள் கோபுரம் இடையில் பிளந்து, மேல்நிலைகள் இல்லாமல் மொட்டையாக நின்றது. எந்த உயரத்தை எல்லையாக எடுப்பது? இப்போது நிற்கும் உயரமா, அது முழுசாக இருந்த காலத்து உயரமா? இதைப் பற்றி இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒரு மாதம் பேசினார்கள். பிளந்த கோபுரத்தின் பாதி உயரத்தைக்கூடப் பலவேசத்தின் வீடு எட்டாது என்பதை யாரோ நிமிர்ந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் பேச்சு அடங்கியது.

1934 தை மாதம் பால் காய்ச்சினார்கள். தகராறு பாலோடு சேர்ந்தே பொங்கியது. சாமி இருக்கும் அறைக்கு மேலே மனிதர் நடமாடக்கூடாது. ஆகவே சாமி படங்கள் நாலாவது மாடிக்குப் போயின. அடுப்பு கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் சௌகரியம். ஆகவே அடுப்பு தரையில். சோறு வடித்ததும் முதலில் சாமிக்குக் காட்டிவிட்டுத்தான் யாரும் சாப்பிட வேண்டும். ஆகவே பலவேசத்தின் மனைவி ஆவுடைத்தாய் ஒவ்வொரு வேளையும் சோற்றுக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறினாள். காலையிலும் மாலையிலும் விளக்கேற்ற வேறு ஏறினாள். தீப்பெட்டியை மறந்துவிட்டு ஏறிய நாட்களும் உண்டு.

ஒரு நாள் அவள் படியில் பாதியில் உட்கார்ந்து, கீழே நின்ற கணவரிடம் நிதானமாகக் கேட்டாள்.

“சாமியக் கீழ வச்சா மேல நடக்கக் கூடாதுங்கீங்க. மேல நடக்கக் கூடாதுன்னா மாடி எதுக்கு? சாமிய மேல வச்சா நான் நடந்தே சாவுதேன். சாமிய எறக்குங்க, இல்ல என்ன எறக்குங்க.”

அவள் கேட்டது நியாயம் என்று பலவேசம் ஒப்புக்கொண்டிருக்கலாம். அதை விட்டுவிட்டு, கொழும்பில் வெள்ளைக்காரச் சீமாட்டிகள் ஐந்து மாடி ஏறுவதைப் பற்றிச் சொன்னார். அவர்கள் லிப்டில் ஏறினார்கள் என்பது ஆவுடைத்தாய்க்குத் தெரியும். அவரே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அவள் கிண்ணத்தைப் படியிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள். சந்தில் இருந்த பெண்கள் எல்லாரும் கேட்கும்படி, இனிமேல் இந்தப் படியில் என் கால் படாது, சாமி மேல் ஆணை என்று சொன்னாள். பிறகு பாவூர்சத்திரத்தில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

கோபத்தில் சொன்னதைக் கோபம் தணிந்ததும் திரும்பப் பெறலாம். சாமி பேரில், அதுவும் அடுத்த வீட்டுக் குருவம்மாள் காதில் விழும்படி சொன்ன சொல்லைத் திரும்பப் பெற முடியாது. குருவம்மாள் அதை ஊருக்கே சொல்லிவிட்டாள். பலவேசம் ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு, எந்த மாடியில் படுப்பது என்று தெரியாமல் மாடி மாடியாக மாறிப் படுத்தார். ஆடி மாதத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று மேல்மாடி ஜன்னல்களை அடித்தது. வீடே விசில் ஊதுவது போல இருந்தது. அவருக்குப் பெண்டாட்டி வேண்டும். வீட்டை இடிக்கவும் மனமில்லை. சாமியைக் கீழே இறக்கவும் முடியாது. படியில் கால் படாமல் ஒருத்தி நாலாவது மாடிக்குப் போக ஒரே வழிதான் இருந்தது. அந்த வழியை அறிந்தவர் ஜில்லாவிலேயே அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

செல்லப்பா ஆசாரியைக் கூப்பிட்டு, கிணற்றுப் பக்கத்துப் பின்சுவரை ஒட்டி ஒரு மரக் கூண்டு ஏறி இறங்க வேண்டும் என்றார். மின்சாரம், இயந்திரம் எதுவும் இல்லை. உச்சியில் பெரிய உருளை, வடக்கயிறு, ஒரு முனையில் கூண்டு, மறுமுனையில் கல் நிரப்பிய பெட்டி. ஆசாரிக்குக் கோவில் சப்பரம் செய்துதான் பழக்கம். கூண்டு என்று சொன்னதை அவர் செய்து முடித்தபோது அதற்கு நாலு மூலையிலும் யாளி, நெற்றியில் மயில், மேலே சின்னக் கலசம் எல்லாம் இருந்தன. இவ்வளவும் எதற்கு என்று பலவேசம் கேட்டதற்கு, மேலே போகிற பொருளுக்கு இதுகூட இல்லாமல் எப்படி அண்ணாச்சி என்றார் ஆசாரி.

நெல் மூட்டையை வைத்துப் பார்த்தார்கள். மூட்டைக்குச் சமமாகக் கல்லை வைத்தபோது, ஒரு கையால் கயிற்றை இழுத்தாலே சப்பரம் அழகாக ஏறியது. இனிமேல் தெரியவேண்டியது ஒன்றுதான். ஆவுடைத்தாயின் எடை.

இங்கேதான் சிக்கல். சந்தைத் தராசு மூட்டைக்கும் கூடைக்கும் உரியது; அதில் குடும்பப் பெண்ணை ஏற்றி நிறுத்துவதை எந்த வீட்டிலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தென்காசி ரயில் நிலையத்தில் சாமான் நிறுக்கும் மேடை இருந்தது. அதில் ஒரு நிமிஷம் நிற்கச் சொல்லலாமா என்று பாவூர்சத்திரம் போய் மச்சினர் நமசிவாயத்திடம் பலவேசம் கேட்டார். நமசிவாயம் காய்கறி மொத்த வியாபாரி. ஒரு கத்திரிக்காய்க் கூடையைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லக்கூடியவர். ஆனால் இந்தப் பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை.

“எந் தங்கச்சிய என்ன, பார்சல்ல அனுப்பப் போறீரா மாப்ள? ரசீது எம் பேருக்கா, ஒம்ம பேருக்கா?”

பலவேசம் திரும்பி வந்து யோசித்தார். மனிதரை நிறுப்பது அவமானமாக இல்லாத இடம் உலகத்தில் ஒன்றே ஒன்று உண்டு. அது சாமி சன்னிதி. செங்கோட்டைக்கு அப்பால், மலைப்பாதையில் உள்ள ஒரு சாஸ்தா கோவிலில் துலாபாரம் நடக்கும். திருவிதாங்கூர்ப் பக்கத்தில் குழந்தை முதல் கிழவர் வரை தட்டில் உட்கார்ந்து தங்கள் எடைக்கு எடை வாழைப்பழமோ சர்க்கரையோ கொடுப்பார்கள். வீடு நல்லபடி முடிந்தால் மனைவியின் எடைக்கு வெல்லம் தருவதாக நேர்ந்திருந்தேன், மறந்துவிட்டேன், அதனால்தான் குடும்பத்தில் இப்படிக் குழப்பம் என்று பலவேசம் மச்சினருக்குச் சொல்லி அனுப்பினார். அந்த நேர்த்தி முந்தின நாள்தான் அவர் மனத்தில் உண்டானது. நேர்ந்ததென்னவோ உண்மை.

சாமி காரியத்தை நமசிவாயம் மறுக்க முடியாது. மறுக்காதது மட்டுமல்ல, அவருக்கு வேறு கவலை பிறந்துவிட்டது. தங்கை ஆறு மாதமாகத் தன் வீட்டில் சாப்பிடுகிறாள். நாலு பேர் முன்னால் தட்டு லேசாகத் தூக்கிக்கொண்டால், அண்ணன் வீட்டில் சரியாகச் சோறு போடவில்லை என்றல்லவா பேச்சு வரும்? அவர் மனைவி நாச்சியாருக்கும் அதே கவலை, இன்னும் கூடுதலாக. நாத்தனாரைப் பட்டினி போட்டவள் என்ற பெயர் அவளுக்குத்தானே வரும்.

துலாபாரத்தன்று ஆவுடைத்தாய் ரயிலிலிருந்து இறங்கியபோது பலவேசம் அசந்துபோனார். உடம்பில் நாச்சியாரின் நகை முழுக்க இருந்தது. கல்யாணப் பட்டுக்கு உள்ளே இன்னொரு கெட்டிச் சேலை. காலில் தண்டை. மடி என்னவோ புடைத்திருந்தது. அதில் இடிகல் என்கிற, வெற்றிலை இடிக்கும் சின்ன இரும்பு உரலும் உலக்கையும் இருந்தது அவருக்குத் தெரியாது. அவள் தட்டில் உட்கார்ந்தாள். எதிர்த்தட்டில் வெல்லத்தை வைக்க வைக்க அவள் தட்டு எழும்பாமல் கீழேயே தொங்கிக்கொண்டிருந்தது. கொண்டுபோன மூட்டை தீர்ந்து, நமசிவாயம் பெருமையோடு இன்னொரு மூட்டையை அவிழ்த்தார். தட்டுகள் சமமானதும் வழக்கப்படி, சாமிக்குக் குறையக்கூடாது என்று மேலும் சில உருண்டைகளை வைத்து வெல்லத் தட்டைத் தரை தொட வைத்தார்கள். எல்லாரும் கும்பிட்டார்கள். பலவேசம் கண்ணை மூடாமல் கும்பிட்டார்.

தன் மனைவி இவ்வளவு கனம் என்று அவர் நினைத்ததில்லை. ஆனால் தராசு பொய் சொல்லாது, அதுவும் சாஸ்தா சன்னிதியில். ஊர் வந்ததும் அந்த வெல்லத்தின் எடைக்கும் சப்பரத்தின் எடைக்கும் சேர்த்து, ஒரு கல்கூடக் குறையாமல் பெட்டியை நிரப்பினார்.

ஆவணியில் ஒரு நல்ல நாள் பார்த்து ஆவுடைத்தாயை அழைத்து வந்தார்கள். பின்கட்டில் கிணற்றைச் சுற்றிக் கூட்டம். செல்லப்பா ஆசாரி சப்பரத்துக்குத் தேங்காய் உடைத்தார். படியில் கால் படாமல் சாமியிடம் போகலாம், ஆணைக்குப் பங்கமில்லை என்று பலவேசம் விளக்கினார். ஆவுடைத்தாய் யாளியைப் பார்த்தாள், மயிலைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள். தன் வீட்டுக்கு வேலை பார்க்கத்தானே திரும்புகிறோம் என்று சாதாரண நூல்சேலைதான் கட்டியிருந்தாள். கழுத்தில் தாலிச் சரடு மட்டும். நகையெல்லாம் பாவூர்சத்திரத்தில் நாச்சியாரின் பெட்டிக்குத் திரும்பியிருந்தது.

அவள் உள்ளே உட்கார்ந்தாள். பலவேசம் கொழும்பில் செய்தது போலக் கதவைச் சாத்திவிட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அதை நிறுத்தியிருந்த முளையை எடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் பலர். அவர்கள் சொல்வதில் நம்பத்தக்கது இது: கல்பெட்டி இறங்கியது என்று சொல்ல முடியாது, விழுந்தது. சப்பரம் ஏறியது என்றும் சொல்ல முடியாது. பலவேசத்தின் உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிற்று. குருவம்மாள் அந்த வீட்டின் முதல் மாடி ஜன்னலில் நின்றுகொண்டு, ஆவுடைத்தாய் கடந்துபோகும்போது ஒரு வார்த்தை சொல்லலாம் என்று காத்திருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் யாளியின் கால்தான் தெரிந்தது. உச்சி உத்திரத்தில் ஆசாரி வைக்கோல் மூட்டை கட்டியிருந்தார். அதில் கலசம் மோதி, வைக்கோல் கூட்டத்தின் மேல் பூமாரி போலக் கொட்டியது.

பலவேசம் கையை ஊதிக்கொண்டே மேலே பார்த்துக் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, சப்பரக் கதவு திறந்து நாலாவது மாடி அறைக்குள் காலடிச் சத்தம் கேட்டது. அவர் உயிர் திரும்ப வந்தது.

“ஆவுடைத்தாயி, பயப்படாத. இப்ப எறக்கிருதேன். மறுபடியும் உள்ள உக்காரு.”

ஆனால் கல்பெட்டி கீழே உட்கார்ந்துவிட்டது. அவளைவிட அது கனம். சப்பரம் இறங்காது. நமசிவாயம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். எடை விஷயத்தில் தேர்ந்தவர் ஆதலால் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சற்று நேரம் மீசையைத் தடவினார்.

“மாப்ள, அன்னைக்குப் போட்டிருந்த நகையெல்லாம் எடுத்துட்டு வந்து மேல குடுத்தா, கீழ எறங்கிருவாளா?”

“எந்த நக?” என்றார் பலவேசம்.

நாச்சியார் தலையைக் குனிந்துகொண்டு, “இடிகல்லையும் சேத்துக் கொண்டாரணும்” என்றாள்.

இரண்டு குடும்பத்தின் குட்டும் ஒரே நேரத்தில் உடைந்தது. நேர்த்திக்கடன் என்று சொல்லி என் தங்கையை நிறுத்துப் பார்த்தீரா என்று நமசிவாயம் கேட்டார். இரும்பைக் கட்டி சாமியை ஏமாற்றியது யார் என்று பலவேசம் திருப்பிக் கேட்டார். கூட்டம் இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது. இந்தச் சத்தத்தில், மேலே இருந்தவள் ஜன்னலுக்கு வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

ஆவுடைத்தாய் அந்த அறைக்குப் பலமுறை போயிருக்கிறாள். ஆனால் போன ஒவ்வொரு தடவையும் மூச்சு வாங்கிக்கொண்டு, சோற்றைக் காட்டிவிட்டு, அடுப்பில் வைத்த குழம்பை நினைத்துக்கொண்டு இறங்கியவள். மூச்சு வாங்காமல் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றது அன்றைக்குத்தான். மேற்கே மலையில் மேகம் விலகி, குற்றாலத்து அருவி சுவரில் வழிந்த சுண்ணாம்புக் கோடு போலத் தெரிந்தது. சிற்றாற்றங்கரை வயல்கள் தெரிந்தன. பிளந்த கோபுரத்தின் நடுவில் கிளிகள் போய்வந்தன. இவற்றைவிட முக்கியமாக, சந்தில் உள்ள அத்தனை வீட்டுக் கொல்லைகளும் தெரிந்தன. அவள் குனிந்து நிதானமாகச் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

“ஏ குருவம்மா, பால் காய்ச்சுன அன்னைக்குக் காணாமப் போன எம் பித்தளக் கொடம் ஒங்கொல்லையில கவுந்து கெடக்குல்லா.”

கூட்டத்தில் சிரிப்பு நின்றது. பலரும் தங்கள் கொல்லையில் என்ன கிடக்கிறது என்று யோசிக்கத் தொடங்கினார்கள்.

பெட்டியிலிருந்து சில கற்களை எடுத்துவிட்டு உன்னை இறக்குகிறேன், கொஞ்சம் பொறு என்று பலவேசம் சொன்னார். இன்றைக்கு அவள் இறங்கினால் நேரே பாவூர்சத்திரம் பஸ்ஸுக்குத்தான் போவாள் என்று அவர் பயந்தார்.

“எதுக்கு எறங்கணும்? நான் இங்கனயே இருக்கேன். அடுப்ப மேல அனுப்புங்க.”

அப்படியே நடந்தது. அடுப்பு, அம்மி, அரிசிப் பானை எல்லாம் சப்பரத்தில் ஏறின. சாமியும் அடுப்பும் ஒரே மாடிக்கு வந்ததும் சோறு காட்டும் தொல்லை தீர்ந்தது. பலவேசம் கற்களை எடுத்தும் வைத்தும் பார்த்து, அவளது உண்மையான எடையைக் கண்டுபிடித்தார். அதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. அதன்பிறகு அவள் சப்பரத்தில் வேண்டியபோது இறங்கினாள், ஏறினாள்; படியில் மட்டும் கால் வைக்கவில்லை.

தண்ணீருக்கு என்ன செய்வது என்பதுதான் மிச்சம். சப்பரத்தில் தண்ணீர் ஏற்றினால், ஒவ்வொரு குடத்துக்கும் கல்லை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கவலையில் பலவேசம் இருந்தபோது ஆவுடைத்தாயே ஒரு வழி செய்துவிட்டாள். மேலேயிருந்து ஊரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் இருந்தது. சந்துப் பெண்கள் வந்தார்கள், பிறகு அடுத்த தெருக்காரர்கள் வந்தார்கள், சீசன் சமயத்தில் குற்றாலத்துக்கு வந்தவர்களும் வந்தார்கள். வெறுங்கையோடு வந்தால் கதவு திறக்காது என்று சொல்லிவிட்டாள். கீழே கிணற்றில் ஒரு குடம் இறைத்து, படியேறித் தூக்கிவந்து தொட்டியில் ஊற்றிவிட்டு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். குருவம்மாள் முதல் நாளே வந்தாள். பித்தளைக் குடத்தில் கொண்டுவந்து, குடத்தையும் விட்டுவிட்டுப் போனாள். ஒரு கோடையிலும் அந்தத் தொட்டி வற்றியதில்லை.

பலவேசத்துக்கு மட்டும் விலக்கு உண்டா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இல்லை. பகலில் அவர் கீழறையில் மர வியாபாரம் பார்த்தார். இருட்டியதும் படுக்க மேலே போகும்போது தோளில் ஒரு குடம் இருக்கும். இது 1949இல் அவர் காலமாகும் வரை நடந்தது, நானே பார்த்திருக்கிறேன். மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கிக்கொள்வார். ஒரு நாள் அரைக்குடத்தோடு போனார் என்றும், ஆவுடைத்தாய் எட்டிப் பார்த்துவிட்டு அவரைத் திருப்பி அனுப்பினாள் என்றும் குருவம்மாள் சொல்வாள். அதற்கு வேறு சாட்சி இல்லை.